கூதிர்க் காலமும் லயத்து அடுப்பும்: மாத்தளை மலைத்தோட்ட வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மலையகப் பெருந்தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் ஏற்றுமதியையும் சம்பளத்தையும் சட்டங்களையும் பற்றி விரிவாக ஆராய்ந்துள்ளனர். தோட்டத் தொழிலாளியின் அறைக்குள் எரிந்த அடுப்போ அவர்கள் கவனத்தை அத்துணை ஈர்க்கவில்லை. அடுப்பு சமையலுக்குரியது, சமையல் பெண்களுக்குரியது, எனவே அது வரலாற்றுக்குரியதன்று என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். எனினும், குளிர் நிறைந்த ஒரு மலைநாட்டில் யாருடைய வீட்டில் எத்தகைய தீ எரிந்தது, அதன் புகை எவ்வழியே வெளியேறியது என்னும் வினாக்களை எழுப்பினால், அத்தோட்டச் சமூகத்தின் அமைப்பே நமக்குப் புலனாகின்றது. மாத்தளை மாவட்டத்தை ஆதாரமாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது.

ஐரோப்பியக் குளிர்நாடுகளில் இலையுதிர்காலம் நெருங்கியதும் குடும்பங்கள் நிலக்கரி வாங்கிச் சேமிப்பதும், புகைபோக்கியைத் துப்புரவு செய்வதும், இரும்புக் கணப்படுப்பைப் பழுது பார்ப்பதும் நீண்டகால வழக்கமாக இருந்தன. நமக்கு இலையுதிர்காலம் இல்லை. ஆயின் ஐப்பசி, கார்த்திகை மாதங்களாகிய கூதிரும், அதனைத் தொடர்ந்து வரும் முன்பனியும் தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளுள் அடங்கும். கூதிரின் கொடுமையைப் பாடும் நெடுநல்வாடை இரு வேறு தீயினை நமக்குக் காட்டுகின்றது. வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டு நிலம் சேர்ந்த கோவலர் கையிற் கொள்ளி ஏந்தி நடுங்கி நிற்கின்றனர். மாடங்களில் வாழ்வோரோ அகன்ற வாயையுடைய தடவில் நெருப்பிட்டுக் குளிர் காய்கின்றனர். குளிர் ஒன்றே, அதனை எதிர்கொள்ளும் வசதி ஒன்றன்று. நக்கீரர் கண்ட இவ்வேறுபாடு மாத்தளை மலைகளில் கல்லாலும் தகரத்தாலும் கட்டி நிலைநிறுத்தப்பட்டது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

மாத்தளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்தில் அமைந்தது. அங்கே குளிர் பெரிதன்று. நகரிலிருந்து கிழக்கே ரத்தோட்டை வழியாக ஏறினால் நிலைமை மாறுகின்றது. 1,800 மீற்றருக்கு மேற்பட்ட சிகரங்களைக் கொண்ட நக்கிள்ஸ் மலைத்தொடர் வடகீழ்ப் பருவக்காற்றை நேரே எதிர்கொண்டு நிற்கின்றது. ஐப்பசி தொடங்கித் தை வரை மழையும் மூடுபனியும் அம்மலைச் சரிவுகளை விட்டு நீங்குவதில்லை. கம்மடுவ, எல்கடுவை முதலிய இடங்களின் மேட்டுத் தோட்டங்களில் வாழ்வோருக்கு இக்காலம் நன்கு தெரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாத்தளை முக்கியமானதொரு கோப்பிப் பிரதேசமாயிற்று. தமிழகத்திலிருந்து கடல் கடந்து தலைமன்னார்ப் பக்கத்தில் இறங்கிய தொழிலாளர் காட்டுவழியே தம்புள்ளை ஊடாக நடந்து மாத்தளையை அடைந்தனர். ஏறத்தாழ 150 மைல் நீண்ட அவ்வழியில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டோர் பலர். வறண்ட சமவெளிக் கிராமங்களிலிருந்து வந்த அவர்கள், மாத்தளையைக் கடந்து மலையேறியபோதுதான் முன்னர் அறியாத குளிரைச் சந்தித்தனர். கோப்பிப் பழம் பறிக்கும் பருவம் ஆண்டின் பிற்பகுதியில் அமைந்தமையால், வேலை மிகுந்த காலமும் குளிர் மிகுந்த காலமும் ஒன்றாகவே அமைந்தன.

இக்குளிருக்கு மாற்றாக அவர்களுக்குக் கிடைத்தது கம்பளி. அதுவும் இலவசமாகக் கிடைத்ததன்று. வழிச்செலவு, அரிசி ஆகியவற்றோடு கம்பளியின் விலையும் முற்பணக் கடனிற் சேர்வது வழக்கமாயிருந்தது. அக்கடனைச் சுமந்த ‘துண்டு’ முறை 1921ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டது. குளிர் காய்வதற்கான முதற் பொருளே தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்த கடனின் ஒரு பகுதியாயிருந்தமை நோக்கற்பாலது.

இனி, அவர்கள் குடியிருந்த லயத்தை நோக்குவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதான காம்பரா, அதன் முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு, ஒன்றன் முதுகில் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய இரட்டை வரிசை, மேலே தகரக் கூரை என்பன அதன் பொதுவமைப்பாகும். முதுகோடு முதுகு சேர்ந்த லயத்தில் பின்சுவருக்குச் சன்னல் இல்லை. அடுப்பு காம்பராவின் ஒரு மூலையிலோ இஸ்தோப்பின் ஓரத்திலோ மூன்று கற்களின்மீது அமைந்தது. அந்த ஒரே தீ சோறு பொங்கியது. மழையில் நனைந்த கம்பளியை உலர்த்தியது. மேலே பரணில் அடுக்கிய ஈரவிறகைக் காயவைத்தது. இரவில் குழந்தைகளுக்குக் கணப்பாயிற்று. புகைபோக்கி மட்டும் அதற்கு இருக்கவில்லை.

அதே தோட்டத்தின் உயர்ந்த மேட்டில் துரையின் பங்களா அமைந்தது. குளிர் மிகுந்த உயரங்களில் அமைந்த பங்களாக்களின் விருந்தினர் கூடத்தில் கணப்படுப்பும், அதற்கு மேலே கல்லாற் கட்டிய புகைபோக்கியும் இருந்தன. சமையலறை வேறு, கணப்பறை வேறு. எனவே, இம்மலைகள் குளிரானவை என்பதைத் தோட்ட நிருவாகம் அறியாதிருந்தது என்று கூறுதல் பொருந்தாது. புகையை எவ்வாறு வெளியேற்றுவது என்பதும் அதற்குத் தெரிந்தே இருந்தது. குளிரை உணரக்கூடியவர் யார் என்பது பற்றிய ஒரு தீர்ப்பு இவ்விரு கட்டடங்களின் வேறுபாட்டிலும் பொதிந்து கிடக்கின்றது.

இதற்கு மறுப்பாக இரு காரணங்கள் கூறப்படலாம். தொழிலாளர் தம் சொந்தக் கிராமங்களிலும் புகைபோக்கியின்றியே சமைத்தனர் என்பது ஒன்று. கிராமத்துக் குடிசையின் அடுப்பு பெரும்பாலும் திறந்த முற்றத்திலோ தாழ்வாரத்திலோ இருந்தது. கூரையின் ஓலையிடுக்குகள் வழியே புகை கசிந்து வெளியேறியது. குளிருக்காகக் கதவை அடைக்கவேண்டிய தேவையும் அங்கில்லை. மலையிலோ குளிர் கதவை மூடச் செய்தது. மூடிய கதவு புகையை உள்ளே நிறுத்தியது. பகலிற் சூடேறும் தகரம் இரவில் விரைந்து குளிர்ந்து நீர்த்துளிகளைச் சொரிந்தது. ஆகவே, ஊர் வழக்கம் தோட்டத்தில் அவ்வாறே தொடர்ந்தது எனல் தகாது.

இரண்டாவது காரணம், லயங்கள் பருவகாலத்தில் வந்து போவோருக்கான தற்காலிக உறைவிடங்கள் என்பது. கோப்பிக் காலத்துக்கு இது ஓரளவு உண்மையே. ஆயின் 1869ஆம் ஆண்டிற் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. எனவே தொழிலாளரும் குடும்பத்தோடு ஆண்டு முழுவதும் தங்கலாயினர். பயிர் மாறியது, வாழ்க்கை முறை மாறியது. லயத்தின் அடிப்படை அமைப்போ மாறவில்லை. ஒரு பருவத்துக்கெனக் கட்டிய அறையில் நான்கைந்து தலைமுறைகள் பிறந்து இறந்தன.

தேயிலையோடு மற்றொரு தீயும் மலைக்கு வந்தது. ஏறத்தாழ நாலரை கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலைத்தூளாகின்றது. எஞ்சிய நிறை முழுவதும் நீராக வெளியேறவேண்டும். அதற்கு வேண்டிய வெப்பத்தைத் தொழிற்சாலையின் உலை தந்தது. கொழுந்து வரும் நாளெல்லாம் அவ்வுலை எரிந்தாக வேண்டும். ஓரிரு தசாப்தங்கள் எண்ணெயாற் சூடேற்றிய உலைகள் பல, 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றத்தின்பின் விறகுக்கே திரும்பின. நக்கிள்ஸ் காட்டின் நிழலிற் பயிரான ஏலக்காயை உலர்த்திய சூளைகளும் காட்டு விறகையே உண்டன. இவ்வாறு இலைக்கும் காய்க்கும் முறையான வெப்பம் அளந்து வழங்கப்பட்டது.

தொழிலாளிக்கு விறகு எங்கிருந்து வந்தது? 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் காடுகளையும் பயிரிடப்படாத நிலங்களையும், மாறாக நிறுவப்படும்வரை, அரசுக்குரியனவாகக் கொண்டது. அவை தோட்டங்களாக விற்கப்பட்டன. சிங்களக் கிராமத்தவர் தம் சேனையையும் காட்டையும் இழந்தனர். அதே நிலத்துக்கு அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளருக்கும் அதில் உரிமை ஏதும் இருக்கவில்லை. கவ்வாத்து வெட்டியபின் எஞ்சும் தேயிலை மிலாறும், உதிர்ந்த கிளைகளும், தாழ்ந்த பகுதிகளிற் பட்டுப்போன இறப்பர் மரங்களுமே அவர்களது விறகாயின. நாள் முழுதும் கொழுந்து பறித்த பெண், மாலையில் மிலாற்றுக் கட்டைத் தலையிற் சுமந்து லயத்துக்கு இறங்கும் காட்சி இன்றும் மறைந்துவிடவில்லை. அவ்வேலை எந்தச் செக்றோலிலும் பதியப்பட்டதில்லை.

நிலக்கரி மாத்தளைக்கு வராமலில்லை. 1880ஆம் ஆண்டில் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் இல்லாமையால் கப்பலில் வந்த கரியே எந்திரங்களை இயக்கியது. அது தோட்டத்து விளைபொருளைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்குப் பயன்பட்டது. லயத்து மூலைக்கு அது வரவில்லை. வந்திருந்தால் நன்மை விளைந்திருக்கும் என்றும் கூறுவதற்கில்லை. வீட்டுக்கு வீடு நிலக்கரி எரித்த இலண்டன் மாநகர், 1952 டிசெம்பரில் மூடிய புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கான உயிர்களை இழந்தது. 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. ஆங்கு புகை செல்வர் வீதியையும் மூடியது. எனவே நான்கு ஆண்டுகளிற் சட்டம் வந்தது. லயத்துப் புகை லயத்துக்குள்ளேயே நின்றது.

உரிமையின்மைக்கும் புகைபோக்கியின்மைக்கும் உள்ள தொடர்பை இருபதாம் நூற்றாண்டு மேலும் தெளிவாக்கியது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்க வகுத்தது. எஞ்சிய 150,000 பேர் பற்றி 1974இலேயே முடிவு காணப்பட்டது. எந்நாளும் வெளியேற நேரலாம் என்று அஞ்சியிருப்போன், தனக்குச் சொந்தமல்லாத சுவரை இடித்துப் புகைபோக்கி வைப்பானா? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியபோதும், 1992இல் நிருவாகம் தனியார் கம்பனிகளுக்குச் சென்றபோதும் இவ்வினா பெரும்பாலும் விடையின்றியே நின்றது. நாடற்ற நிலையை முடிக்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது.

இக்கட்டுரையாளரின் பாட்டியார் ரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர். விடியுமுன் எழுந்து ஊதுகுழலால் அடுப்பை மூட்டி, பிள்ளைகளை அதனருகே இழுத்துக் கிடத்திவிட்டுப் பிரட்டுக்குச் செல்வார். வாழ்நாள் முழுதும் அவரை விடாது தொடர்ந்த இருமலை அவர் “மலைக்காற்று” என்றே கூறினார். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அடுப்படிச் சுவருக்கு வெள்ளையடிப்பார். அடுத்த கூதிருக்குள் அது கரியாகிவிடும். அவர் மறைந்தபின் அச்சுவரின் பூச்சு ஓரிடத்திற் பெயர்ந்து விழுந்தது. வெள்ளையும் கருமையுமாக மாறி மாறிப் படிந்த மெல்லிய ஏடுகளை அதில் எண்ணிப் பார்க்க முடிந்தது. ஓர் ஏடு ஓர் ஆண்டு. அவருடைய மூச்சுப்பையும் அதே ஆண்டுகளில் அதே புகையை ஏற்றதே. ஆனால் அதற்கு வெள்ளையடிப்பார் எவரும் இருக்கவில்லை.

இன்று இதனை ஊகமென ஒதுக்க முடியாது. வீட்டினுள் எரியும் விறகு, கரி முதலியவற்றின் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. பெண்களும் சிறுவருமே இதனாற் பெரிதும் பாதிப்புறுகின்றனர். எரிவாயு அடுப்பு தோட்டங்களுக்கும் வந்துள்ளது என்பது உண்மையே. ஆயின் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு கிடையாதபோது, நகரத்தவரும் விறகை நாடினர். தோட்டத்தவரோ தாம் முற்றாகக் கைவிடாத பழைய அடுப்பையே மீண்டும் மூட்டினர்.

அண்மைக்காலத்தில் தனிவீடுகள் அமைக்கும் திட்டங்கள் மலையகத்தில் நடைபெறுகின்றன. அவற்றின் வரைபடங்களை ஆராய்வோர் அறைகளின் எண்ணிக்கையோடு மேலும் மூன்றைக் கேட்டறிதல் வேண்டும்: விறகு எங்கே உலரும், புகை எவ்வழியே போகும், மார்கழி இரவிற் குழந்தை எங்கே உறங்கும்? இவற்றுக்கு விடையளிக்கத் தகுந்தவர்கள் அவ்வடுப்பின் முன் அமர்ந்த பெண்களே. வரைபடம் முடிவாகுமுன் அவர்களிடம் இவை கேட்கப்படுமாயின், மாத்தளை மலைகளில் அது முதன்முறையாக இருக்கும்.