ஆஸ்தான வித்வானும் கிளப் டீஜேயும்

பெரம்பலூரிலோ அரியலூரிலோ போய் "இங்கே நைட்கிளப் எங்கேங்க இருக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பத்து நிமிஷத்துக்குச் சிரிப்பு அடங்காது. நம்ம பக்கம் கிளப்னா ஒரு காலத்தில் காபி கிளப்தான். இட்லி, தோசை, டிகிரி காபி. ராத்திரி ஒன்பது மணிக்கு பெஞ்சைத் தூக்கி மேஜை மேல கவுத்துட்டா கிளப் முடிஞ்சுது. சுண்ணாம்புக்கல், சிமெண்ட், முந்திரி, சின்ன வெங்காயம், மக்காச்சோளம்னு இந்த ரெண்டு மாவட்டத்துக்கும் ஒரு பட்டியல் உண்டு. அதில் டான்ஸ் ஆடுற கிளப்புக்கு இடமே கிடையாது.

அப்புறம் எதுக்குய்யா இந்தப் பதிவு?

கொஞ்ச நாளா அமெரிக்க நடன கிளப்புகளோட வரலாற்றைப் படிச்சிக்கிட்டிருக்கேன். 1970கள், 80கள். அதில் கிளப் ஓனருக்கும், வாராவாரம் அங்கேயே தட்டு போடுற டீஜேக்கும் நடுவில் நடந்த பாசம், கோபம், பிரிவு எல்லாம் வருது. இப்படி ஒரே இடத்தோடு ஒட்டிக்கொண்டவரை 'ரெசிடென்ட் டீஜே' என்கிறார்கள். படிக்கப் படிக்க, இது தெரிஞ்ச கதையாச்சேன்னு ஒரு உறுத்தல். அப்புறம்தான் பொறி தட்டுச்சு. ரெசிடென்ட் டீஜேன்னா யாரு? நம்ம ஆஸ்தான வித்வான்! அந்தக் கதை அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போற வழியில், உடையார்பாளையத்திலேயே இருக்கு.

கனம் கிருஷ்ணையர். 1790 வாக்கில் பிறந்து 1854ல் மறைந்தவர். உடையார்பாளையத்தைச் சேர்ந்த திருக்குன்றம்தான் சொந்த ஊர். 'கனம்'ங்கிறது பட்டம் இல்லை, பாடுகிற முறை. அடிவயிற்றிலிருந்து எழும்புகிற கனமான பாட்டு. பொப்பிலி கேசவய்யா என்ற தெலுங்கு நாட்டு வித்வான் தஞ்சாவூர் சபைக்கு வந்து கன மார்க்கத்தைப் பாடிக் காட்டியபோது, இதை யார் கற்றுக்கொள்வது என்று கேள்வி எழுந்தது. உடம்பில் தெம்பு வேணும், மூச்சு வேணும். மற்றவர்கள் தயங்க, நான் கற்றுக்கொள்கிறேன் என்று முன்வந்தவர் இவர். கபிஸ்தலத்தில் தங்கி அசுர சாதகம் பண்ணினார். பிறகு திருவிடைமருதூரில் இருந்த மராட்டிய அரச குடும்பத்தாரின் சபையில் பாடினார். அங்கே இவர் பாட்டைக் கேட்டுப் பயன்பெற்றவர்களில் ஒருவர், நந்தனார் சரித்திரம் எழுதிய கோபாலகிருஷ்ண பாரதியார். கடைசியில் சொந்தச் சீமைக்கே திரும்பினார். உடையார்பாளையம் ஜமீன்தார் கச்சிக் கல்யாணரங்கரின் ஆதரவு கிடைத்தது.

இதையெல்லாம் நமக்கு எழுதி வைத்தவர் உ.வே.சாமிநாதையர். கிருஷ்ணையர் அவருக்கு உறவு. உ.வே.சா.வின் அப்பா வேங்கடசுப்பையர் சங்கீதம் கற்றுக்கொண்டதே கிருஷ்ணையரிடம்தான். தாத்தா பிறந்தது 1855ல், அதாவது கிருஷ்ணையர் போய்ச்சேர்ந்த மறு வருஷம். பாட்டை நேரில் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை. கேட்டவர்களிடம் கேட்டு ஒரு தனிப் புத்தகமே போட்டுவிட்டார்.

சரி, சண்டைக்கு வருவோம். ஆஸ்தான வித்வானுக்கு ஆர்டர் காப்பி ஏது? பிராவிடண்ட் ஃபண்டு ஏது? ஜமீன்தார் முகம் மலர்ந்தா சால்வை, பொற்கிழி, நிலம். முகம் திரும்பிச்சுன்னா எந்தக் கச்சேரிக்குப் போய் மனு கொடுக்கிறது? கச்சிக் கல்யாணரங்கருக்கும் ஒரு சமயம் பாராமுகம் வந்தது என்று கதை. கிருஷ்ணையர் கோபித்துக்கொண்டு மூட்டை கட்டவில்லை. கை நீட்டிக் கேட்கவும் இல்லை. ஒரு பதம் பாடினார். நாயகி பாடுகிற பாட்டு அது. முன்னே ஆசையாகப் பரிசெல்லாம் கொடுத்த துரை இப்போது ஏன் இப்படி இருக்கிறான் என்கிற ஊடல். ஜமீன்தாருக்குச் சுருக்கென்று தைத்து, உறவு பழையபடி சேர்ந்தது.

யோசிச்சுப் பாருங்க. சம்பள பாக்கியை இதைவிட நாசூக்கா யாராவது கேட்டிருக்க முடியுமா? :-) பதம் என்கிற வடிவமே இதுக்குத் தோதானது. கடவுளைப் பார்த்துப் பாடுற மாதிரியும் இருக்கும், காதலனைப் பார்த்துப் பாடுற மாதிரியும் இருக்கும், எதிரே திண்டில் சாய்ந்திருக்கிற எஜமானைப் பார்த்துப் பாடுற மாதிரியும் இருக்கும். யாரைச் சொல்றேன்னு வாய் திறந்து சொல்லவே வேண்டாம். ஆனா ஒண்ணு, இந்த ஆயுதம் வேலை செய்யணும்னா எதிரே இருப்பவருக்குக் காது இருக்கணும். கல்யாணரங்கருக்கு இருந்தது.

இதே கணக்கை இப்போ சிகாகோவில் போட்டுப் பார்ப்போம். ராபர்ட் வில்லியம்ஸ் நியூயார்க்கிலிருந்து அங்கே போனவர். 1977ல் 206 சவுத் ஜெஃபர்சன் தெருவில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் கிளப் தொடங்குகிறார். பெயர் 'வேர்ஹவுஸ்', நம்ம பாஷையில் கிடங்கு. வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்து, லத்தீன் அமெரிக்க வழிவந்த ஓரினக் காதலர்கள். வேறு இடங்களில் நிம்மதியாக நிற்கவே முடியாதவர்களுக்கு அது ஒரு அடைக்கலம். வில்லியம்ஸ் தட்டு போடக் கூப்பிட நினைத்தது முதலில் லாரி லெவன் என்ற நியூயார்க் இளைஞரை. அவர் வரமாட்டேன்னுட்டார். லெவனின் உயிர்த் தோழன் ஃபிராங்கி நக்கில்ஸ் வந்தார்.

ஐந்து வருஷத்தில் நக்கில்ஸ் அந்த ஊரின் காதையே மாற்றிவிட்டார். டிஸ்கோவுக்குச் சாவு மணி அடித்தாகிவிட்டது என்று அமெரிக்காவே சொல்லிக்கொண்டிருந்த நேரம். இவர் டேப்பை வெட்டி ஒட்டி, தாளத்தை நீட்டி, பழைய பாட்டுக்கே புது உடம்பு கொடுத்தார். தட்டுக் கடைகளில் பசங்க வந்து "வேர்ஹவுஸில் போடுற மாதிரி பாட்டு இருக்கா?"ன்னு கேட்க ஆரம்பித்தார்கள். அது சுருங்கிச் சுருங்கி 'ஹவுஸ்' ஆச்சு. இன்னிக்கு உலகம் பூரா ஹவுஸ் மியூசிக் என்கிறார்களே, அந்தப் பெயர் இந்தக் கட்டடத்தின் வால்.

கூட்டம் பெருத்ததும் வில்லியம்ஸ் நுழைவுக் கட்டணத்தை இரண்டு மடங்கு ஆக்கினார். வருகிற முகங்களும் மாறின. நக்கில்ஸுக்கு அது பிடிக்கவில்லை. 1982ல் வெளியேறி 'பவர் பிளான்ட்' என்று சொந்தக் கிளப் தொடங்கினார். பின்னாலேயே கூட்டமும் போனது. வில்லியம்ஸ் சும்மா உட்காரவில்லை. 'மியூசிக் பாக்ஸ்' என்று புதுக் கிளப் திறந்து ரான் ஹார்டி என்ற டீஜேயைக் கொண்டுவந்தார். நக்கில்ஸ் நிதானம் என்றால் ஹார்டி காட்டாறு. சத்தம் அதிகம், வேகம் அதிகம், சில சமயம் டேப்பையே பின்பக்கமாக ஓட்டுவார். ராத்திரி தபால் ஆபீசில் வேலை பார்த்த மார்ஷல் ஜெஃபர்சன் மாதிரி பசங்க மியூசிக் பாக்ஸில் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் தாங்களே பாட்டு பண்ண ஆரம்பித்தார்கள். ஒரு ஓனரும் ஒரு டீஜேயும் முறைத்துக்கொண்டதில் ஒரு ஊருக்கு இரண்டு பள்ளிக்கூடம் கிடைத்த கதை இது.

வில்லியம்ஸை வில்லனாக்கிப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லைங்க. வாடகை அவர் தலையில், கரண்டு பில் அவர் தலையில், போலீஸ் வந்தால் பதில் சொல்வதும் அவர்தான். டீஜே தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிடலாம். ஓனர் கட்டடத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

நம்ம ஊர் மைக் செட்டுக்காரரைக் கேட்டால் இதை இன்னும் சூடாகச் சொல்வார். நான் பார்த்தது ஒண்ணு. கல்யாணம், காதுகுத்து, ஆடித் திருவிழா எதுவானாலும் ஒரே செட்தான் வரும். ஆம்ப்ளிஃபயர், மரத்து உச்சியில் கட்டிய குழாய்கள், பெட்டி நிறைய ரெக்கார்டு, எல்லாம் ஓனர் முதல். ஆனால் ஊர்க்காரர்கள் அட்வான்ஸ் கொடுக்கும்போது, "அந்தப் பையனை அனுப்பினாத்தான்"னு சொல்லிக் கொடுப்பாங்க. எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு, பொண்ணு மாப்பிள்ளை மண்டபத்துக்குள் நுழையும்போது எது, சாப்பாட்டுப் பந்திக்கு எது, எல்லாம் அவனுக்குத்தான் தெரியும். சில வருஷத்தில் அவன் கடன் வாங்கித் தனி செட் போட்டான். "என் ரெக்கார்டுல கத்துக்கிட்டு எனக்கே போட்டியா?"ன்னு இவர். "உங்க ரெக்கார்டு தானா பாடுச்சா?"ன்னு அவன். அதுக்கப்புறம் ஒருத்தர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருத்தர் போகவே இல்லை. ரெண்டு பேர் சொன்னதும் நியாயம்தான், அதுதான் சிக்கல்.

முதலில் வரமாட்டேன் என்று சொன்ன லாரி லெவன் கதைக்கு வருகிறேன். இவர் கடைசிவரை விசுவாசமாக இருந்தவர். நியூயார்க்கில் 84 கிங் தெரு, நிஜமாகவே கார் நிறுத்துகிற ஷெட். அதை 'பாரடைஸ் கராஜ்' ஆக்கியவர் மைக்கேல் பிராடி. 1977ல் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பார்ட்டிகள் ஆரம்பமாயின. மது கிடையாது. உறுப்பினர்களுக்கும் அவர்கள் கூட்டிவரும் விருந்தாளிகளுக்கும்தான் அனுமதி. ஒலி அமைப்பு ரிச்சர்ட் லாங் கைவண்ணம். கிட்டத்தட்ட லெவனின் காதுக்கு அளவெடுத்துத் தைத்த கட்டடம் என்றே சொல்லலாம். தன் டீஜேக்காக இவ்வளவு மெனக்கெட்ட ஓனர் அபூர்வம்.

லெவன் என்ன பண்ணுவார் தெரியுமா? நடுராத்திரி, ஜனம் ஆடக் காத்திருக்கும்போது பாட்டை நிறுத்திவிட்டு ஏணி போட்டு ஏறி மேலே தொங்குகிற கண்ணாடி உருண்டையைத் துடைப்பார்! பளபளப்பு போதலையாம். வேறு இடமாக இருந்தால் அன்னிக்கே சீட்டைக் கிழித்திருப்பார்கள். பிராடி பொறுத்துக்கொண்டார். லெவனும் பத்து வருஷம் அங்கேயே இருந்தார்.

கட்டடத்தின் குத்தகை முடிந்தது. பிராடி எய்ட்ஸால் மரணப் படுக்கையில். 1987 செப்டம்பர் கடைசியில் கராஜ் மூடப்பட்டது, அந்த வருஷ முடிவிலேயே பிராடியும் போய்விட்டார். ஒலி, விளக்கு சாதனங்கள் தனக்கு வரும் என்று லெவன் நம்பியிருந்தார். உயிலில் வரவில்லை. அதன்பிறகு அவர் நிமிரவே இல்லை. போதைக்காகத் தன் தட்டுகளை ஒவ்வொன்றாக விற்றார், நண்பர்கள் அதை வாங்கி அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். 1992 நவம்பரில் 38 வயதில் இறந்தார். சண்டை போட்டு வெளியேறிய நக்கில்ஸ் 1998ல் கிராமி வாங்கினார், 2014 வரை வாழ்ந்தார். வேர்ஹவுஸ் இருந்த கட்டடத்தை 2023ல் சிகாகோ நகர சபை பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. கராஜ் கட்டடத்தையோ 2018ல் இடித்துவிட்டார்கள்.

ஓனர் விழுந்தால் வித்வான் கதி என்ன என்பதற்கும் நம்ம மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. கிருஷ்ணையரிடம் பாட்டுக் கற்ற வேங்கடசுப்பையர் அரியலூர் ஜமீனை நம்பிக் குடித்தனம் நடத்தினார். அந்த ஜமீன் நொடித்தது. இவரால் பாட்டு பாடிக் கோபித்துக்கொள்ளக்கூட முடியாது, ஏனென்றால் கொடுக்க மனசிருந்த இடத்தில் கையில் ஒன்றும் இல்லை. ஊர் ஊராகப் போய் இராமாயணம் சொன்னார். அருணாசலக் கவிராயரின் கீர்த்தனைகளைப் பாடிப் பொருள் சொல்லுவார். ஒரு பெரிய எஜமானுக்குப் பதிலாக இப்போது ஊருக்குப் பத்துச் சின்ன எஜமான்கள், ரெட்டியாரும் பிள்ளையும் மிராசுதாரரும். கிடைப்பது பல சமயம் தானியம்தான்.

கூடவே மகனும் போனான். இன்றைய பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் பாடம், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகைப் பாடம். அப்பாவுக்கு எந்த ஊரில் கதை ஏற்பாடாகிறதோ, அங்கே தமிழ் சொல்லித்தர ஆள் இருக்கா என்று விசாரிப்பதுதான் அந்தக் குடும்பத்தின் முதல் வேலை.