குழந்தைக்குக் கரப்பானா? குளித்த பிறகு வரும் 3 நிமிடம் முக்கியம்!

கைக்குழந்தையின் கன்னம் சிவந்து சொரசொரத்தால், கெடார் பக்கம் 'கரப்பான்' என்று சொல்லி அம்மாவுக்குக் கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்திவிடுவார்கள். டாக்டர் சொல்லாமல் அம்மாவின் சாப்பாட்டில் கை வைக்காதீங்க. பெரும்பாலும் அது எக்ஸிமா, யாருக்கும் தொற்றாது. தோலில் ஈரம் தங்காததுதான் சிக்கல். வெதுவெதுப்பான தண்ணீரில் 5 முதல் 10 நிமிடம் குளிப்பாட்டுங்க. பயத்தமாவு போட்டுத் தேய்க்காதீங்க. துண்டால் ஒற்றியெடுத்து, 3 நிமிடத்துக்குள் வாசனையில்லாத மாய்ஸ்சரைசரைத் தாராளமா தடவுங்க. சாம்பிராணிப் புகை வேண்டவே வேண்டாம் (பாட்டி கோபித்துக்கொண்டாலும்!).

மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம்தான் பெரிய ஆபத்து. முதலில் சட்டென்று ஆறும்; போகப்போகத் தோல் மெலியும், நிறுத்தினால் திரும்ப வரும். அதே ஸ்டீராய்டை டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை போட்டால் பயமில்லை. நீர் வடிந்து மஞ்சள் பொருக்கு கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்பிடுங்க.