ஒரே நாளில் இரண்டு தோல்வி

ரக்பி ரசிகர்களுக்கு நியூசிலாந்தின் 'ஆல் பிளாக்ஸ்' என்றாலே வெற்றிதான் நினைவுக்கு வரும். ஆனால் 1949 என்று ஓர் ஆண்டு உண்டு. அந்த செப்டம்பர் 3-ஆம் தேதி டர்பனில் தென்னாப்பிரிக்காவிடம் 3-9. அதே நாளில் வெலிங்டனில் ஆஸ்திரேலியாவிடம் 6-11. ஒரே நாளில் இரண்டு டெஸ்ட் தோல்வி!

முன்னணி வீரர்கள் தென்னாப்பிரிக்கா போயிருந்தார்கள். அந்நாட்டின் நிறவெறிக்குப் பணிந்து, மாவோரி வீரர்கள் ஒருவரைக்கூடச் சேர்க்கவில்லை. அங்கே நான்கு டெஸ்டிலும் தோல்வி. முதல் டெஸ்டில் ஓக்கி கெஃபின் ஐந்து பெனால்டி உதைகளிலேயே 15 புள்ளிகள் எடுத்தார். ஊரில் விடப்பட்ட மாவோரி வீரர் ஜானி ஸ்மித் தலைமையில் ஆடிய இன்னோர் அணி, ஆஸ்திரேலியாவிடம் இரண்டிலும் தோற்றது.

ஆக, ஆறுக்கு ஆறு தோல்வி. ரசிகனாக அதை மறந்துவிடலாம். சொந்த நாட்டு வீரர்களையே விட்டுவிட்டுப் போனதுதான் மனதை உறுத்துகிறது. 1970-இல்தான் மாவோரி வீரர்கள் அணியோடு அங்கே போக முடிந்தது. அதுவும் 'கௌரவ வெள்ளையர்' என்ற பெயரில்!