கணக்கில் வராத ரன்கள் - ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியின் கதை

2024 மே மாதம் அமெரிக்க பேஸ்பால் உலகில் ஒரு விசித்திரம் நடந்தது. 1947ல் இறந்துபோன ஓர் ஆட்டக்காரர், 1928ல் ஓய்வு பெற்ற இன்னொருவரின் சாதனையை முறியடித்தார்!

மைதானத்தில் இதற்காக ஒரு பந்துகூட வீசப்படவில்லை. எல்லாம் ஏட்டில்தான் நடந்தது. ஓய்வு பெற்றவர் டை காப். வாழ்நாள் பேட்டிங் சராசரியில் பல தலைமுறைகளாக முதலிடத்தில் இருந்தவர். அவரது சராசரி 0.367. இறந்துபோனவர் ஜோஷ் கிப்சன், ஹோம்ஸ்டெட் கிரேஸ் என்ற கறுப்பின அணியின் நட்சத்திரம். அவரது சராசரி 0.372 என்று மேஜர் லீக் பேஸ்பால் அறிவித்தது. அவர் அடித்து முடித்து எழுபது, எண்பது வருடங்கள் கழித்து அந்த அடிகள் கணக்கில் ஏறின.

ஏன் இவ்வளவு தாமதம்? அதைப் புரிந்துகொள்ள, முதலில் பேஸ்பாலுக்கும் கணக்குக்கும் உள்ள உறவைப் பார்க்க வேண்டும்.

ஐந்தொகை போல ஒரு விளையாட்டு

கிரிக்கெட்டில் சராசரி என்றால் எடுத்த ரன்களை அவுட் ஆன எண்ணிக்கையால் வகுப்பது. பேஸ்பாலில் அப்படி இல்லை. ஒருவர் எத்தனை முறை மட்டை பிடித்தார், அதில் எத்தனை முறை சரியாக அடித்து ஒரு பேஸையாவது எட்டினார் என்பதுதான் கணக்கு. பத்துக்கு மூன்று என்றால் 0.300. அது நல்ல ஆட்டக்காரரின் அடையாளம். பத்துக்கு ஏழு முறை தோற்றாலும் அங்கே நல்ல பெயர்தான்!

இந்தக் கணக்கு முறைகளை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஹென்றி சாட்விக். 1824ல் இங்கிலாந்தில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவில் குடியேறியவர். முதலில் கிரிக்கெட் நிருபர். பிறகு பேஸ்பாலில் ஆர்வம் வந்து, கிரிக்கெட் ஸ்கோர் ஏட்டின் பழக்கத்தை அதற்குக் கொண்டுபோனார். ஒரு முழு ஆட்டத்தையும் ஒரு சிறு கட்டத்துக்குள் அடக்கும் 'பாக்ஸ் ஸ்கோர்' 1850களின் கடைசியில் அவர் கையில் ஒழுங்கான வடிவம் பெற்றது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இந்தப் பாக்ஸ் ஸ்கோரில் ஒரு ரசமான விஷயம் இருக்கிறது. இருப்பாய்வில் பற்றும் வரவும் சமமாக வர வேண்டும் அல்லவா? பாக்ஸ் ஸ்கோரும் அப்படித்தான். மட்டை பிடிக்க வந்த ஒவ்வொருவருக்கும் மூன்றே முடிவுகள் உண்டு: ரன் எடுத்தார், அல்லது அவுட் ஆனார், அல்லது இன்னிங்ஸ் முடியும்போது பேஸில் நின்றுகொண்டே இருந்தார். எனவே ஒரு பக்கம் மட்டை பிடிக்க வந்தவர்களின் மொத்தம். மறுபக்கம் ரன்கள், அவுட்கள், பேஸில் நின்றவர்கள் ஆகியவற்றின் மொத்தம். இரண்டும் சமமானால்தான் கணக்கு சரி. ஆட்ட விதிப் புத்தகத்திலேயே இது எழுதப்பட்டிருக்கிறது.

இப்படி ஓர் ஆட்டக்காரரைக்கூட விடாமல் எழுதி வைத்த விளையாட்டு அது. ஆனால் அந்தப் பேரேட்டில் ஓர் இனத்துக்கே பக்கம் ஒதுக்கப்படவில்லை.

இரும்பு ஊரின் அணி

1880களில் மேஜர் லீக் அளவில் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் போன்ற கறுப்பின ஆட்டக்காரர்கள் ஆடியிருக்கிறார்கள். அதன் பிறகு கதவு மூடப்பட்டது. மேஜர் லீகில் இதற்கென்று எழுதப்பட்ட சட்டம் எதுவும் இல்லை. முதலாளிகளுக்குள் ஒரு வாய்மொழி ஒப்பந்தம் மட்டுமே. ஆனால் எழுதாத அந்த விதி எழுதிய விதியைவிடக் கெட்டியாக 1947 வரை நின்றது.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தங்களுக்கென்று லீக் தொடங்கினார்கள். 1920ல் ரூப் ஃபாஸ்டர் என்பவர் முயற்சியில் கேன்சஸ் நகரில் நீக்ரோ நேஷனல் லீக் பிறந்தது. (அந்தச் சொல் இன்று மரியாதையான சொல் அல்ல. லீகின் பெயர் அது என்பதால் இங்கே வருகிறது.)

ஹோம்ஸ்டெட் என்பது பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் அருகே உள்ள எஃகு ஆலை ஊர். அங்கே வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்கள் பொழுதுபோக்காக ஆடிய ஓர் அணியிலிருந்து வளர்ந்ததுதான் கிரேஸ். அதைத் தொழில்முறை அணியாக மாற்றியவர் கம்பர்லண்ட் போஸி. முதலில் ஆட்டக்காரர், பிறகு மேனேஜர், அதன் பிறகு முதலாளி. கூடைப்பந்திலும் கில்லாடி. பேஸ்பால், கூடைப்பந்து இரண்டின் புகழ் மண்டபங்களிலும் பின்னாளில் இடம் பெற்றவர்.

1937லிருந்து 1945 வரை லீகில் கிரேஸ் ராஜ்ஜியம்தான். 1943, 1944, 1948 ஆகிய மூன்று ஆண்டுகளில் கறுப்பின லீக்குகளின் உலகத் தொடரையும் வென்றார்கள். ஜோஷ் கிப்சன், பக் லியோனார்ட், கூல் பாப்பா பெல், ரே பிரவுன் என்று பின்னாளில் புகழ் மண்டபத்துக்குப் போன பலர் ஒரே அணியில் ஆடினார்கள்.

1940களில் கிரேஸ் தங்கள் ஆட்டங்களில் பலவற்றை வாஷிங்டன் நகரின் கிரிஃபித் மைதானத்தில் ஆடினார்கள். அது வெள்ளையர் அணியான வாஷிங்டன் செனட்டர்ஸின் மைதானம். செனட்டர்ஸ் முதலாளிக்கு கிரேஸ் ஆட்டங்களால் நல்ல வாடகை வந்தது. வாடகை அவருடைய கணக்குப் புத்தகத்தில் ஒழுங்காக ஏறியது. அதே மைதானத்தில் கிப்சன் அடித்த அடிகள் மட்டும் மேஜர் லீக் புத்தகத்தில் ஏறவில்லை.

கணக்கு எங்கே போனது?

கறுப்பின லீக்குகளில் யாரும் ஸ்கோர் எழுதவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. எழுதினார்கள். ஆனால் அது ஒரே இடத்தில் சேரவில்லை.

லீக் ஆட்டங்கள் மட்டும் நடத்தினால் கட்டுப்படியாகாது. எனவே கிரேஸ் போன்ற அணிகள் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், கிடைத்த அணிகளோடெல்லாம் ஆடின. வருடத்துக்கு லீக் ஆட்டங்கள் அறுபது, எழுபது என்றால், மற்ற ஆட்டங்கள் அதைவிட அதிகம். பல ஊர்களில் ஹோட்டலில் அறை கிடைக்காது, பஸ்ஸிலேயே தூக்கம். காலையில் ஓர் ஊர், மாலையில் இன்னோர் ஊர். இந்த ஓட்டத்தில் ஸ்கோர் ஷீட்டைப் பத்திரிகைக்கு யார் அனுப்புவது?

வெள்ளையர் நடத்திய தினசரிகள் இந்த ஆட்டங்களைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பினப் பத்திரிகைகள் போட்டன. ஆனால் அவை அப்போது வாரப் பத்திரிகைகள். ஏழு நாள் ஆட்டத்தை ஓரிரு பக்கத்தில் அடக்க வேண்டும். சில ஆட்டங்களுக்கு முழு பாக்ஸ் ஸ்கோர் வந்தது. சிலவற்றுக்கு முடிவு மட்டும். சிலவற்றுக்கு அதுவும் இல்லை.

காகிதம் இல்லாத இடத்தைக் கதைகள் நிரப்பின. கிப்சன் 800 ஹோம் ரன் அடித்தார் என்று சொன்னார்கள். பேப் ரூத் அடித்ததே 714தான்! அடித்த பந்து மைதானத்தைத் தாண்டி எங்கோ மறைந்தது என்ற கதைகள் நிறைய. ரசிக்கலாம், ஆனால் சாட்சி இல்லை.

கிப்சன் 1947 ஜனவரி 20ல் 35 வயதில் இறந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 15ல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களம் இறங்க, மேஜர் லீகின் கதவு திறந்தது. இடைவெளி மூன்று மாதம்கூட முழுசாக இல்லை. கிப்சனின் கல்லறையில் 1975 வரை பெயர்க்கல்கூட இல்லை.

கதவு திறந்ததும் ரசிகர்கள் மேஜர் லீக் பக்கம் போனார்கள். நீக்ரோ நேஷனல் லீக் 1948 சீசனோடு மூடப்பட்டது. கிரேஸும் சில ஆண்டுகளில் காணாமல் போனது. பக் லியோனார்டுக்கு மேஜர் லீகிலிருந்து அழைப்பு வந்தபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வயதாகிவிட்டது என்று மறுத்துவிட்டார்.

1969ன் தீர்ப்பு

1969ல் பேஸ்பால் வரலாற்றின் முழுப் புள்ளிவிவரங்களையும் தொகுத்துப் பெரிய கலைக்களஞ்சியம் ஒன்று வெளிவந்தது. அதை ஒட்டி, எந்த லீக்குகளை 'மேஜர்' என்று ஏற்பது என்று முடிவு செய்ய ஒரு குழு அமைத்தார்கள். குழு ஆறு லீக்குகளை ஏற்றது. அதில் ஒன்று 1884ல் நடந்த யூனியன் அசோசியேஷன். ஒரே ஒரு சீசன் நடந்த லீக்! அதிலும் பல அணிகள் பாதியிலேயே மூட்டை கட்டிவிட்டன. இருந்தும் அது மேஜர்.

கிட்டத்தட்ட முப்பது வருடம் நடந்த கறுப்பின லீக்குகளை அந்தக் குழு நிராகரிக்கவில்லை. நிராகரிக்க வேண்டுமானால் முதலில் பரிசீலிக்க வேண்டுமே? பரிசீலனைக்கே எடுக்கவில்லை.

அப்போதிருந்து, கணக்கு சரியாக இல்லை என்பதே கறுப்பின லீக்குகளை ஒதுக்குவதற்குச் சுலபமான காரணமாக ஆனது. கணக்கு ஏன் சரியாக இல்லை என்ற கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. ஒருவரைக் கடைக்குள் விடாமல் நிறுத்திவிட்டு, பிறகு உன் பெயரில் பில் இல்லையே என்று கேட்பது போலத்தான் இது.

தணிக்கை தொடங்கியது

ஆனால் சிலர் விடவில்லை. 1966ல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது, வெள்ளையரான டெட் வில்லியம்ஸ் தன் ஏற்புரையிலேயே கிப்சனையும் சாட்சல் பெய்ஜையும் குறிப்பிட்டு, அவர்களுக்கும் இங்கே இடம் வேண்டும் என்றார். 1971ல் பெய்ஜும் 1972ல் கிப்சனும் லியோனார்டும் புகழ் மண்டபத்துக்குள் வந்தார்கள்.

இன்னொரு பக்கம் ஆராய்ச்சியாளர்கள் பழைய வாரப் பத்திரிகைகளின் மைக்ரோஃபிலிம் சுருள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். ஒரு பாக்ஸ் ஸ்கோர் கிடைத்தால் அதை வேறு பத்திரிகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, பெயர் பிழையைத் திருத்துவது, கூட்டல் சரியா என்று பார்ப்பது... சம்பளம் இல்லாத தணிக்கையாளர்கள் என்றே அவர்களைச் சொல்லலாம். இந்த உழைப்பிலிருந்து உருவான சீம்ஹெட்ஸ் என்ற தரவுத்தொகுப்பு 2011ல் வெளியானது.

2020 டிசம்பரில் மேஜர் லீக் பேஸ்பால், 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு கறுப்பின லீக்குகளை மேஜர் லீக் என்று ஏற்றது. 1969ல் அவற்றை விட்டது தவறு என்றும் ஒப்புக்கொண்டது. அதன் பிறகு வரலாற்றாசிரியர் ஜான் தோர்ன் தலைமையிலான குழு புள்ளிவிவரங்களைச் சரிபார்த்தது. 2024 மே மாதம் 2,300க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களின் கணக்கு சேர்க்கப்பட்டது.

கிப்சனின் வாழ்நாள் சராசரி 0.372. 1943ல் கிரேஸுக்காக அவர் எடுத்த 0.466, ஒரு சீசனின் மிக உயர்ந்த சராசரி ஆனது. அதற்கு முன் இருந்தது 1894ல் ஹ்யூ டஃபி எடுத்த 0.440. அடியின் வலிமையைக் காட்டும் ஸ்லக்கிங் சராசரியில் பேப் ரூத்தின் 0.690ஐ கிப்சனின் 0.718 தாண்டியது. பதினேழு வயதில் கறுப்பின லீகில் ஆடிய வில்லி மேஸுக்குக்கூடப் பத்து அடிகள் கூடுதலாகக் கிடைத்தன.

கணக்கு கொடுத்ததும் எடுத்ததும்

எதிர்ப்பும் வந்தது. டை காப் 11,400 தடவைக்கு மேல் மட்டை பிடித்தவர். கிப்சனின் கணக்கில் இருப்பது சுமார் 2,200 தான். இரண்டையும் ஒரே பட்டியலில் வைப்பது நியாயமா என்று கேட்டார்கள்.

புள்ளியியல்படி அது நியாயமான கேள்விதான். சிறிய மாதிரியில் ஏற்ற இறக்கம் அதிகம். ஆனால் கிப்சன் ஆடியது அவ்வளவுதான் என்பதல்ல. லீகுக்கு வெளியே ஆடிய ஆட்டங்களும், 1940, 41ல் மெக்சிகோவில் ஆடியவையும் இதில் சேராது. அதோடு, காப் எதிர்கொண்ட பந்துவீச்சாளர்களிலும் ஓர் இனம் முழுவதும் விலக்கப்பட்டிருந்தது. சிறந்த பந்துவீச்சாளர்கள் அனைவரையும் காப்பும் சந்திக்கவில்லை, கிப்சனும் சந்திக்கவில்லை. அந்தக் குறை இரண்டு பேருடைய கணக்கிலும் இருக்கிறது.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. கிப்சனின் ஹோம் ரன் கணக்கு 200ஐக்கூட எட்டவில்லை. புகழ் மண்டபத்தில் உள்ள அவரது பட்டயமே ஏறக்குறைய 800 என்று சொல்கிறது. அது எல்லா வகை ஆட்டங்களையும் சேர்த்துச் சொன்னது. அதிகாரபூர்வ கணக்கில் வருவது, லீக் ஆட்டம் என்று உறுதியாகி, காகிதச் சான்றும் உள்ளவை மட்டும். சராசரியில் அவரை முதலிடத்தில் வைத்த அதே கணக்கு, ஹோம் ரன்னில் ரூத்துக்கும் பின்னால் வெகு தூரத்தில் நிறுத்திவிட்டது.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. 800 என்ற எண்ணை யார் வேண்டுமானாலும் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடிந்தது. 0.372ஐ அப்படித் தள்ள முடியாது. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் தேதி, ஊர், எதிரணி, பத்திரிகைப் பக்கம் எல்லாம் இருக்கிறது. கிப்சனை ஒரு புராணக் கதாநாயகனாகப் புகழ்வது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. அதனால் யாருடைய சாதனைப் பட்டியலும் மாறவில்லை. ரூத்துக்கும் காப்புக்கும் பக்கத்தில், அதே பட்டியலில், அதே அளவுகோலில் அவர் பெயரை எழுதத்தான் 2024 வரை ஆனது.

கணக்கு இன்னும் முடியவில்லை. அந்தக் கால ஆட்டங்களில் சுமார் 75 சதவீதத்துக்குத்தான் பாக்ஸ் ஸ்கோர் கிடைத்திருக்கிறது என்பது மதிப்பீடு. மீதியில் ஒன்று கிடைத்தால் கிப்சனின் சராசரி ஏறலாம், இறங்கவும் செய்யலாம். காப்பின் கணக்கும் பிற்கால ஆராய்ச்சியில் திருத்தப்பட்டதுதான். ஏதோ ஒரு பழைய நூலகத்தில், ஏதோ ஒரு வாரப் பத்திரிகையின் மங்கிய பக்கத்தில், கிரேஸ் ஆடிய ஓர் ஆட்டம் இன்னும் பதிவேறாமல் கிடக்கக்கூடும்.