இரும்பு நீங்கிய இருப்புப்பாதை

'இரும்பு' என்னும் சொல் 'பாதை'யோடு சேரும்போது 'இருப்புப்பாதை' என்றாகும். மெல்லினம் வல்லினமாகத் திரியும் இவ்விதியை ஆசிரியர்கள் நன்கறிவர். திரிந்த வடிவில் 'இருத்தல்' என்னும் பொருளும் தற்செயலாக வந்து அமைகின்றது. சிங்கப்பூரின் பழைய ரயில் பாதையில் நடக்கும்போது இவ்விரு பொருளும் என் நினைவில் ஒருங்கே எழுவதுண்டு. அங்கு இரும்பு இல்லை, பாதை இருக்கின்றது.

1903ஆம் ஆண்டில் தேங்க் ரோட்டிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கப்பால் பயணிகள் நீரிணையைப் படகில் கடந்து ஜொகூரை அடைந்தனர். 1923இல் கடற்பாலத்தின்மீது ரயில் சென்றதும் தீவும் தீபகற்பமும் ஒரே பாதையால் பிணைந்தன. பின்னர்ப் பாதையின் தென்பகுதி மேற்கே மாற்றியமைக்கப்பட்டு, 1932 மே 2ஆம் நாள் தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்டது. அதன் முகப்பில் வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு பளிங்கு உருவங்கள் இன்றும் நிற்கின்றன.

புதிய பொருளுக்கு மக்கள் பெயரிட்ட விதமும் வரலாறே. மலாய் மொழியினர் நெருப்பைக் கண்டு 'கெரேத்தா ஆப்பி' என்றனர். நெருப்பு வண்டி என்பது அதன் பொருள். தமிழரோ புகையைக் கண்டு 'புகைவண்டி' என்றனர். நெருப்பும் புகையும் டீசல் எஞ்சினோடு மறைந்தன, பெயர்கள் மறையவில்லை.

2011 ஜூன் 30ஆம் நாளோடு தஞ்சோங் பகாருக்கான ரயில் சேவை முடிவுற்றது. தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. எனினும் இயற்கை ஆர்வலர்களின் வேண்டுகோளும் பொதுமக்களின் விருப்பமும் சேர்ந்து, ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நிலப்பரப்பைத் தொடர்ச்சியான பசுமைப் பாதையாகக் காத்தன. புக்கித் தீமாவின் இரு எஃகுப் பாலங்களும் சிறு நிலையமும் பேணப்பட்டுள்ளன. இருதிசை வண்டிகளுக்கும் ஒரே பாதை என்பதால், அந்நிலையத்தில் அதிகாரி கையளிக்கும் சாவியைப் பெற்ற பின்னரே ஓட்டுநர் அடுத்த பகுதிக்குள் வண்டியைச் செலுத்த இயலும். அம்முறை இத்தீவில் இறுதிவரை வழங்கிய இடம் அதுவே.

கட்டடமும் பாலமும் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றன. பாதையைப் பேணிய உழைப்பாளர்களின் வாழ்வுக்கு எந்தப் பட்டியலில் இடம்? காமன்வெல்த் டிரைவில் உள்ள ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம் இதற்கு ஒரு விடை தருகின்றது. 1932இல் குவீன்ஸ்வே வட்டாரத்தில், தண்டவாளத்தின் அருகே, ரயில்வேயில் பணிபுரிந்த தமிழர்கள் அமைத்த எளிய வழிபாட்டிடமே அதன் தொடக்கம். ரயில் நின்றது; அவர்கள் ஏற்றிய விளக்கு தொடர்கின்றது.

அவர்களின் சொற்களோ அத்துணைப் பாதுகாப்பாக இல்லை. 'கைகாட்டி' என்றால் இன்றைய மாணவர் விரலால் சுட்டுபவரையே எண்ணுவர். கம்பத்தின்மேல் சாய்ந்து நிமிரும் ரயில் சைகையை எண்ணார். 'சிலிப்பர் கட்டை' என்றால் காலணியை எண்ணவும் கூடும். அகராதி ஒரு சொல்லின் பொருளைக் கூறும். அச்சொல்லை வெயிலில் நின்று ஆண்டவரின் அனுபவத்தைக் கூறாது.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களை இப்பாதையில் நடத்திச் செல்லுங்கள். நடந்து திரும்பியபின், ரயில்வேயில் பணியாற்றிய முதியோர் எவரேனும் குடும்பத்திலோ அண்டையிலோ இருப்பின், அவரிடம் அமர்ந்து கேட்கச் செய்யுங்கள். எந்தக் கருவியை எப்பெயரால் அழைத்தார், விடுமுறை நாளில் எங்குச் சென்றார், எதற்கு அஞ்சினார் என்பனவற்றை அவர் சொன்னவாறே எழுதி வைக்கட்டும். நிலத்தைக் காக்க ஒரு நாடு வேண்டியிருந்தது. ஒரு சொல்லைக் காக்க ஒரு மாணவரும் ஒரு குறிப்பேடும் போதும்.