நடப்போர்க்குரிய தெரு

தமிழ் மரபில் வழிநடப்போர்க்குத் தனியிடம் உண்டு. ஆறு என்னும் சொல்லுக்கு வழி என்பதும் பொருள். வழிச்செல்வோரை நெறிப்படுத்தும் ஆற்றுப்படை ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்தது. அம்மரபில் வந்த நாம், சென்னையில் நடப்போர்க்கு வழி உண்டா என வினவுதல் பொருந்தும்.

மயிலையில் கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த மாடவீதிகள் தேரோடும் வீதிகள். மக்கள் வடம்பிடிக்கும் தேர் மக்களின் நடைவேகத்திலேயே செல்லும். பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் உலாவரும் நாளில் அவ்வீதிகள் இன்றும் நடப்போர்க்கே உரியனவாகின்றன. ஏனைய நாள்களில் ஊர்திகளே ஆள்கின்றன.

தியாகராயநகரின் வரலாறு வேறு. 1920-களில் மாம்பலத்து நெடிய ஏரிப் பரப்பில் திட்டமிட்டு எழுந்த நகர் அது. 1925-இல் மறைந்த நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயர் தாங்கியது. குடியிருப்பு பெருவணிகத் தலமானபோது, நடைபாதையைக் கடைகளும் நிறுத்திய ஊர்திகளும் பங்கிட்டுக்கொண்டன. நடந்தவர்கள் சாலையில் இறங்கினர்.

மாற்றம் மெல்லவே வந்தது. பாண்டி பஜாரின் நடைபாதை வணிகர்கள் 2013-இல் தனி வளாகத்துக்கு மாற்றப்பட்டனர். நடப்போர்க்கும் மிதிவண்டியாளர்க்கும் முதன்மை தரும் கொள்கையை மாநகராட்சி 2014-இல் ஏற்றது. 2019 நவம்பரில் அங்குத் தியாகராயர் சாலையின் ஒரு பகுதி நடைபாதை வளாகமாயிற்று. ஊர்திகள் முற்றும் விலக்கப்படவில்லை. அவை ஓடும் வழி குறுகியது, நடைபாதை அகன்றது, இருக்கைகள் அமைந்தன.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அறிவிப்புப் பலகைக்கு அடங்காத வேகம் தெருவின் அமைப்புக்கு அடங்கும். சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று மிகுந்தால் உயிர்பறிக்கும் விபத்தின் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு மிகும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். எனவே குறுகிய ஓடுவழியும், உயர்த்திய கடவைகளும், வளைவு இறுகிய தெருமுனைகளும் அழகுக்காக அமைவன அல்ல, உயிர்காப்பன. ஆயினும், இடம்பெயர்ந்த சிறுவணிகர்க்கும் அகன்ற பாதையில் உரிய பங்கு வேண்டும். அவர்களும் தெருவின் மக்களே.

நம் மன்றத்தின் மூத்த கவிஞர் ஒருவர் மாலைக் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டார். காரணம் முதுமையன்று, இடையிலுள்ள ஒரு சாலையைக் கடக்கும் அச்சம். பாண்டி பஜாரில் ஒரு தெருவுக்குக் கிட்டியது அவர் தெருவுக்கும் கிட்டவேண்டும். பத்தாண்டு நிறைவில் அவரது இருக்கை வெறுமையாயுள்ளது. அவர் துணையின்றி நடந்துவரும் மாலையே, இந்நகர் தன் மக்களுக்கு வழிவிட்டது என்பதற்குச் சான்றாகும்.