பற்சிதைவும் ஃபுளூரைடு பற்பசையும்: ஆய்வுகள் காட்டுவது என்ன?

பற்சிதைவு என்பது பொதுவழக்கில் சொத்தைப் பல் எனப்படும் நோயாகும். உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட வாய்நல அறிக்கையின்படி, உலகில் ஏறத்தாழ 200 கோடி பேருக்கு நிலைப்பற்களிலும், 51 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் பால் பற்களிலும் இந்நோய் உள்ளது. இதனைத் தடுக்கும் எளிய வழிகளுள் ஒன்றாக ஃபுளூரைடு கலந்த பற்பசை பரிந்துரைக்கப்படுகிறது.

அதே வேளையில், குடிநீரில் ஃபுளூரைடு மிகுந்தால் பற்களும் எலும்புகளும் பாதிக்கப்படும் என்ற எச்சரிக்கையையும் மக்கள் கேட்கின்றனர். ஒரே பொருள் நன்மையும் தீமையும் செய்வது எவ்வாறு? குழந்தைக்கு இப்பற்பசையைக் கொடுக்கலாமா? எவ்வளவு கொடுக்கலாம்? இந்த ஐயங்களுக்கு இப்பக்கம் விளக்கமளிக்கிறது.

முக்கியக் கருத்துகள்

• ஃபுளூரைடு பெரும்பாலும் பல்லின் மேற்பரப்பில் செயல்பட்டே சிதைவைத் தடுக்கிறது. அதனை விழுங்க வேண்டிய தேவை இல்லை.
• பற்பசையில் ஏறத்தாழ 1000 பி.பி.எம். அல்லது அதற்கு மேல் ஃபுளூரைடு இருக்கும்போதே உறுதியான பயன் காணப்பட்டுள்ளது.
• மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கு அரிசி மணி அளவும், மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவும் பசை போதுமானது.
• நாள்தோறும் இருமுறை பல் துலக்க வேண்டும். இரவு உறங்கும் முன் துலக்குவது மிக இன்றியமையாதது.
• பற்பசை பயன்படுத்தினாலும் இனிப்பு உண்ணும் தடவைகளைக் குறைத்தல் அவசியம்.

பற்சிதைவு எவ்வாறு உண்டாகிறது?

பற்களின் மீது நுண்ணுயிரிகள் நிறைந்த மெல்லிய படலம் எப்போதும் படிந்துகொண்டே இருக்கும். நாம் உண்ணும் சர்க்கரையை இந்நுண்ணுயிரிகள் அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பல்லின் வெளி உறையாகிய எனாமலில் உள்ள கால்சியம், பாஸ்பேட் ஆகிய தாதுக்களைக் கரைக்கிறது. வாயின் அமிலநிலை பி.எச். 5.5 அளவுக்குக் கீழே இறங்கும்போது எனாமல் கரையத் தொடங்கும். பின்னர் உமிழ்நீர் அமிலத்தைச் சமன்செய்து, இழந்த தாதுக்களை மீண்டும் பல்லில் படியச் செய்கிறது.

இவ்வாறு கரைதலும் படிதலும் நாள்தோறும் பலமுறை நிகழ்கின்றன. கரைதல் மிகுந்து, படிதல் குறையும்போது சிதைவு தொடங்குகிறது. முதலில் ஈறு ஓரத்தில் சுண்ணாம்பு போன்ற மங்கிய வெண்புள்ளி தோன்றும். இந்நிலையில் சிதைவைத் தடுத்து நிறுத்தவும், ஓரளவு மீட்கவும் இயலும். மேற்பரப்பு உடைந்து குழி விழுந்த பின் பல் தானாக வளர்ந்து அதனை மூடாது.

இனிப்பின் மொத்த அளவு மட்டுமின்றி, உண்ணும் தடவைகளும் முக்கியமானவை. ஒவ்வொரு முறை இனிப்பு உண்ணும்போதும் அமிலநிலை சில நிமிடங்களில் இறங்கி, மீண்டும் உயர அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். சுவீடனின் வீப்பேஹோல்ம் காப்பகத்தில் 1940களில் தொடங்கி நடைபெற்ற ஆய்வு, உணவுக்கு இடையே உண்ணப்படும் ஒட்டும் தன்மையுள்ள மிட்டாய்களே மிகுந்த சிதைவை உண்டாக்கின எனக் காட்டியது. மனவளர்ச்சி குன்றியோருக்கு அவர்களின் இசைவின்றி இனிப்புகளைக் கொடுத்து நடத்தப்பட்டதால், அவ்வாய்வு அறநெறி மீறலாகவும் இன்று கருதப்படுகிறது.

ஃபுளூரைடு என்ன செய்கிறது?

உமிழ்நீரிலும் பற்படலத்திலும் சிறிதளவு ஃபுளூரைடு இருந்தால், கரைந்த தாதுக்கள் விரைவாகப் பல்லுக்குத் திரும்புகின்றன. அவ்வாறு மீண்டும் படியும் தாது முன்பிருந்ததைவிட அமிலத்தை நன்கு தாங்கும். நுண்ணுயிரிகள் அமிலம் உண்டாக்கும் வேகத்தையும் ஃபுளூரைடு ஓரளவு குறைக்கிறது. குறைந்த அளவாயினும் ஃபுளூரைடு வாயில் அடிக்கடி இருப்பதே இப்பயனுக்குக் காரணம். நாள்தோறும் இருமுறை துலக்குமாறு கூறப்படுவதும் இதனாலேயே ஆகும்.

ஆய்வுகளின் வரலாறு

அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் 1901ஆம் ஆண்டு பணியைத் தொடங்கிய பல் மருத்துவர் பிரடெரிக் மெக்கே, அங்கு வளர்ந்தோர் பலரின் பற்களில் பழுப்புக் கறைகளைக் கண்டார். கறை படிந்த அப்பற்களில் சொத்தை குறைவாக இருந்தது. கறைக்குக் காரணம் குடிநீரில் மிகுந்திருந்த ஃபுளூரைடு என்பது 1931இல் தெரியவந்தது. அதன்பின் டிரெண்ட்லி டீன் பல நகரங்களின் குழந்தைகளைப் பரிசோதித்து, லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் அளவில் கறை பெரிதும் இன்றிச் சொத்தை குறைகிறது எனக் கண்டறிந்தார். ஃபுளூரைடின் நன்மையும் தீமையும் அளவைப் பொறுத்தவை என்பது இவ்வாறு தொடக்கத்திலேயே புலப்பட்டது.

பற்பசையில் அதனைச் சேர்க்கும் முதல் முயற்சிகள் பயன் தரவில்லை. பசையில் இருந்த சுண்ணாம்பு வகைத் துலக்குபொருள்கள் ஃபுளூரைடைப் பிணைத்துச் செயலற்றதாக்கியதே காரணம். பின்னர் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஜோசப் முலரும் அவருடன் பணிபுரிந்தோரும் ஸ்டானஸ் ஃபுளூரைடையும் அதற்கு ஒத்துப்போகும் துலக்குபொருளையும் இணைத்துப் பற்பசை உருவாக்கினர். கிரெஸ்ட் என்ற பெயரில் 1950களின் நடுவில் விற்பனைக்கு வந்த அப்பசையை, 1960இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் சொத்தையைத் தடுக்கும் பசையாக ஏற்றது. இன்று சோடியம் ஃபுளூரைடு, சோடியம் மோனோஃபுளூரோபாஸ்பேட் ஆகிய சேர்மங்கள் பரவலாகப் பயன்படுகின்றன.

எந்த அளவுக்குப் பயன் உள்ளது?

ஃபுளூரைடு உள்ள பசையையும் இல்லாத பசையையும் ஒப்பிட்ட ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2003ஆம் ஆண்டில் தொகுத்தது. 42,300 குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் பங்கேற்ற 70 ஆய்வுகளின் முடிவுகளை இணைத்தபோது, நிலைப்பற்களில் புதிய சிதைவு சராசரியாக 24 விழுக்காடு குறைந்திருந்தது. ஃபுளூரைடு இல்லாத பசையைப் பயன்படுத்தும் குழுவில் 100 பற்பரப்புகள் புதிதாகச் சிதையும் காலத்தில், ஃபுளூரைடு பசையைப் பயன்படுத்தும் குழுவில் ஏறத்தாழ 76 பரப்புகள் சிதையும் என்பது இதன் பொருள்.

இப்பயன் உறுதியானது, எனினும் முழுமையானது அன்று. எஞ்சிய சிதைவைத் தடுக்க உணவுப் பழக்கமும் பல் மருத்துவரின் கண்காணிப்பும் தேவை. அடிக்கடி துலக்கியவர்களிடமும், பெரியவர்களின் மேற்பார்வையில் துலக்கிய குழந்தைகளிடமும் பயன் கூடுதலாக இருந்தது என்பதையும் அத்தொகுப்பு காட்டியது.

பசையில் எவ்வளவு ஃபுளூரைடு தேவை என்பதை 2010, 2019ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தொகுப்புகள் ஆராய்ந்தன. 1000 பி.பி.எம். முதல் தெளிவான பயன் காணப்பட்டது. ஏறத்தாழ 500 பி.பி.எம். அளவுள்ள பசைகளுக்கு அத்தகைய தெளிவான சான்று கிடைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஃபுளூரைடு பற்பசையை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

உறையில் எதைப் பார்க்க வேண்டும்?

இந்தியாவில் விற்கப்படும் பற்பசையில் ஃபுளூரைடு 1000 பி.பி.எம். அளவை மீறக்கூடாது என விதி உள்ளது. அளவும் காலாவதி நாளும் குழாயிலும் அட்டைப்பெட்டியிலும் குறிக்கப்பட வேண்டும். பி.பி.எம். என்பது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கும். 1000 பி.பி.எம். பசையில் ஒரு கிராமுக்கு 1 மில்லிகிராம் ஃபுளூரைடு இருக்கும். நுரை, நறுமணம், விளம்பரச் சொற்கள் ஆகியவற்றைக் காட்டிலும் இவ்வெண்ணே முக்கியமானது. குழந்தைகளுக்கான பசைகள் சிலவற்றில் ஃபுளூரைடு குறைவாகவோ முற்றிலும் இல்லாமலோ இருக்கலாம் என்பதால் உறையைப் படித்த பின்னரே வாங்குக.

குழந்தைகளுக்கு எவ்வளவு?

முதல் பல் முளைத்ததிலிருந்தே துலக்குதலைத் தொடங்கலாம். மூன்று வயது வரை அரிசி மணி அளவு, அதாவது ஏறத்தாழ 0.1 கிராம் பசை போதும். மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவு, அதாவது ஏறத்தாழ 0.25 கிராம் போதும். பெரியவர்களே பசையை எடுத்து வைத்து, துலக்கிவிட வேண்டும். துலக்கிய பின் நுரையைத் துப்பக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இவ்வளவு குறைந்த அளவு கூறப்படுவதற்குக் காரணம் உண்டு. சிறு குழந்தைகள் பசையின் ஒரு பகுதியை விழுங்குவர். பட்டாணி அளவுப் பசையை நாளுக்கு இருமுறை முழுவதுமாக விழுங்கினாலும் உடலில் சேருவது ஏறத்தாழ 0.5 மில்லிகிராம். துலக்கியின் நீளம் முழுவதும் ஒரு கிராம் பசை வைத்தால் இதுவே 2 மில்லிகிராம் ஆகும். நிலைப்பற்களின் எனாமல் தாடைக்குள் உருவாகும் வயதில் ஃபுளூரைடு மிகுந்தால், பின்னாளில் முளைக்கும் பற்களில் வெண்கோடுகளும், கடும் நிலையில் பழுப்புக் கறைகளும் தோன்றலாம். இது பல் ஃபுளூரோசிஸ் எனப்படும். எனாமல் முழுமையாக உருவான பின் இப்பாதிப்பு ஏற்படாது. ஆகவே பெரியவர்கள் இதுகுறித்து அஞ்ச வேண்டியதில்லை.

குடிநீரில் ஃபுளூரைடு மிகுந்த பகுதிகளில் வாழ்வோருக்கு

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரத்தின்படி, ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. மாற்று நீர் இல்லாத இடங்களில் 1.5 மில்லிகிராம் வரை ஏற்கப்படும். தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களின் நிலத்தடி நீரில் இவ்வரம்பு மீறப்பட்டுள்ளது. அதன் பொருட்டே காவிரி நீரை வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளூரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் நிறைவேற்றப்பட்டது.

லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளூரைடு உள்ள கிணற்று நீரை ஒரு லிட்டர் அருந்தும் குழந்தைக்கு அந்நீரிலிருந்தே 3 மில்லிகிராம் சேர்கிறது. சமையல் நீர் இதற்கும் மேலாகும். எனவே இப்பகுதிகளில் முதலில் மாற்ற வேண்டியது குடிநீரையும் சமையல் நீரையுமே. நீரைக் கொதிக்க வைப்பதால் ஃபுளூரைடு நீங்காது. நீர் வற்றுவதால் அதன் செறிவு சற்றுக் கூடும். பாதுகாக்கப்பட்ட கூட்டுக் குடிநீரைப் பயன்படுத்துக. ஆழ்துளைக் கிணற்று நீரே அருந்துவோர் அதனைப் பரிசோதிக்கச் செய்க. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு எந்தப் பசையை, எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதை அரசு மருத்துவமனைப் பல் மருத்துவரிடம் நீரின் நிலையைக் கூறிக் கேட்டறிக. இத்தகைய பகுதிகளிலும் இனிப்பு மிகுந்தால் சொத்தை வரும் என்பதால் பல் துலக்குதலைக் கைவிடலாகாது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேப்பங்குச்சி, உப்பு, பற்பொடி ஆகியவை போதுமா?
குச்சியால் நன்கு துலக்கினால் படலம் நீங்கி ஈறுகளுக்கு நன்மை உண்டு. ஆயினும் ஃபுளூரைடு இன்றித் துலக்குவது மட்டுமே சொத்தையைத் தடுக்கும் என்பதற்கான சான்று வலுவற்றது. கரித்தூள், செங்கல் தூள், சாம்பல் போன்ற சொரசொரப்பான பொருள்கள் எனாமலைத் தேய்த்துவிடும். அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

துலக்கிய பின் வாய் கொப்பளிக்கலாமா?
நுரையைத் துப்பினால் போதும். நிறைய நீரால் பலமுறை கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளூரைடு கழுவப்பட்டுவிடும்.

இரவில் துலக்குவது ஏன் முக்கியம்?
உறக்கத்தில் உமிழ்நீர் பெரிதும் குறைவதால் பல்லுக்கு இயற்கைப் பாதுகாப்பு குறைகிறது. துலக்கிய பின் தண்ணீர் தவிர வேறெதையும் அருந்தலாகாது. குழந்தையின் வாயில் பால் புட்டியை வைத்தபடி உறங்க விடுவது மேல் முன்பற்கள் விரைவில் சொத்தையாவதற்குக் காரணமாகும்.

பால் பற்கள் விழுந்துவிடுமே, அவற்றுக்குச் சிகிச்சை தேவையா?
தேவை. சொத்தையான பால் பற்கள் வலி, சீழ், உண்ண இயலாமை, உறக்கக் கேடு ஆகியவற்றை உண்டாக்கும். கடைவாய்ப் பால் பற்கள் பத்து வயதுக்கு மேலும் வாயில் இருக்க வேண்டியவை.

முதியோருக்கும் ஃபுளூரைடு பசை பயன்படுமா?
பயன்படும். ஈறு இறங்கிய இடங்களில் பல்லின் வேர்ப்பகுதி எளிதில் சிதையும். சில மருந்துகளாலும் தலை, கழுத்துப் பகுதிக் கதிர்வீச்சுச் சிகிச்சையாலும் உமிழ்நீர் குறைந்தவர்களுக்கு இடர் மேலும் கூடுதல். இவர்கள் ஃபுளூரைடு வார்னிஷ் போன்ற கூடுதல் தடுப்பு முறைகள் குறித்துப் பல் மருத்துவரைக் கலந்தாலோசிக்கலாம்.

குழந்தை குழாயிலிருந்து நிறையப் பசையை உண்டுவிட்டால் என்ன செய்வது?
துலக்கும்போது சிறிதளவு விழுங்குவது நஞ்சாகாது. பெருமளவு உண்டுவிட்டாலோ, அதன்பின் வாந்தி, வயிற்றுவலி ஏற்பட்டாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. பசைக் குழாயையும் உடன் எடுத்துச் செல்க. பற்பசையைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

எப்போது பல் மருத்துவரை அணுக வேண்டும்?

மாதம் ஒருமுறை குழந்தையின் மேலுதட்டை உயர்த்தி, ஈறு ஓரத்தில் வெண்புள்ளியோ பழுப்புப் புள்ளியோ உள்ளதா எனப் பாருங்கள். புள்ளி, குழி, குளிர்ந்த அல்லது இனிப்பான பொருளால் கூச்சம், ஒரு பக்கமாகவே மெல்லுதல் ஆகியவை தென்பட்டால் வலி வரும் வரை காத்திராமல் பல் மருத்துவரிடம் காட்டுக. முகம் வீங்குதல், காய்ச்சல், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ இயலாமை ஆகியவை அவசர நிலையின் அறிகுறிகள். உடனே மருத்துவமனைக்குச் செல்க. தேவைப்பட்டால் 108 அவசர ஊர்தியை அழைக்கவும்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுத் தகவல்கள் ஆகும். தனிநபருக்கான சிகிச்சையைத் தகுதி பெற்ற பல் மருத்துவரின் ஆலோசனைப்படியே மேற்கொள்ள வேண்டும்.